பாதிரியாருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்: ஜூலியட் பாடத்தின்போது நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

லண்டன் புறநகர் ஒன்றில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் இது நடந்தது. நான் அங்கே ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவி அப்போது இயர் 10இல் இருந்தாள்; வயது 14. இப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவள் யார், எந்தக் குடும்பம் என்று தெரியவரக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இளம் பிள்ளைகளுக்கு இலக்கியம் நடத்துகிற ஆசிரியர்களும், அந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இங்கிலாந்தில் 16 வயதுவாக்கில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வின் ஆங்கில இலக்கியத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று கட்டாயம். ரோமியோ ஜூலியட்டை எடுக்கும் பள்ளிகள் நிறைய. கதை பிள்ளைகளுக்கு ஓரளவு தெரிந்திருக்கும், காதல் இருக்கிறது, வாள்சண்டை இருக்கிறது, வகுப்பு தூங்காது. ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் கதாநாயகிக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம் என்பதைப் பாடத்திட்டம் போடும்போது நாங்கள் யாருமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வயதைப் பற்றி நாடகத்தில் மயக்கமே கிடையாது. ஆகஸ்ட் 1ஆம் தேதி வரும் லாமஸ் என்ற அறுவடைத் திருநாளுக்கு முந்தைய இரவு ஜூலியட்டுக்கு 14 நிறையும் என்று செவிலி சொல்கிறாள். அதற்கு இன்னும் இரண்டு வாரமும் சில நாளும் பாக்கி. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடும்பாடலிலிருந்து. அதில் பெண்ணுக்கு 16 வயது, கதையும் மாதக்கணக்கில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் வயதைக் குறைத்தார். மாதங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழன் விடியலுக்குள் அடக்கினார். 13 வயதுப் பிள்ளை நாலைந்து நாளில் பார்த்து, மணந்து, பிரிந்து, இறந்துபோகிறது. விதி, அமரக் காதல் என்றெல்லாம் பேசுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் துறையில் பல வருடமாகக் கைமாறி வந்த ஒரு பயிற்சித்தாள் இருந்தது. நாடகம் முடியும் தறுவாயில் கொடுப்போம்: “நீதான் ஜூலியட். மருந்தைக் குடிப்பதற்கு முன் உன் கடைசிக் கடிதத்தை எழுது.” பிள்ளைகள் உருகி உருகி எழுதுவார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்குவார்கள்.

கவனித்தவை

அந்த மாணவி அமைதியானவள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். முதல் அங்கத்தில் ஜூலியட்டின் வசனத்தை யார் வாசிப்பது என்று கேட்டபோது தானே கையைத் தூக்கினாள், நான் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலுக்கு மேலும் கீழுமாக நடக்கும் காதல் காட்சியையும் அவளே வாசித்தாள். வகுப்பில் சிரிப்பு எழுந்தபோதும் நிறுத்தவில்லை.

மூன்றாம் அங்கத்துக்கு வந்ததும் அவளிடம் மாற்றம் தெரிந்தது. வாசிக்க மறுத்தாள். தொண்டை சரியில்லை என்றாள், சரி என்று வேறு ஒருத்தியிடம் கொடுத்தேன். பிறகு சின்னச் சின்னதாக வேறு சிலவும் கண்ணில் பட்டன. மதிய இடைவேளையில் தோழிகளோடு இல்லாமல் நூலகத்தில் இருந்தாள். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை. கையிலேயே இருக்கும் போன் காணோம். ஒவ்வொன்றுக்கும் சாதாரணமான காரணம் இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்திருந்தால் நானும் கடந்துபோயிருப்பேன்.

என்னை நிறுத்தியது அந்த வாரம் அவள் எழுதிய பதில். மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியில் ஜூலியட்டின் நிலை எப்படி மாறுகிறது என்பது கேள்வி. அந்தக் காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அவள் பதில் புரியும்.

செவ்வாய்க்கிழமை விடிகிறது. முந்தைய நாள் பாதிரியார் லாரன்ஸ் ரகசியமாக மணமுடித்துவைத்த ரோமியோ ஜன்னல் வழியே இறங்கி நாடுகடத்தலுக்குப் போகிறான். அவன் போன சூட்டிலேயே தாய் உள்ளே வந்து, வியாழக்கிழமை உனக்கும் பாரிஸ் பிரபுவுக்கும் கல்யாணம் என்கிறாள். ஜூலியட் முடியாது என்கிறாள். தந்தை வருகிறார். இதே தந்தைதான் முதல் அங்கத்தில், இன்னும் இரண்டு கோடை போகட்டும், என் சம்மதம் அவள் சம்மதத்தில் ஒரு பங்குதான் என்று பாரிஸிடம் சொன்னவர். மற்ற பிள்ளைகளையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு இவள் ஒருத்தியை வைத்திருக்கிறவர். இப்போது, தெருவில் பிச்சையெடு, பட்டினி கிட, செத்துப்போ என்கிறார். அடிக்கக் கை துறுதுறுக்கிறது என்கிறார். மகள் தாயின் பக்கம் திரும்பி, என்னைத் தள்ளிவிடாதே அம்மா, ஒரு மாதம், ஒரு வாரமாவது தள்ளிப்போடு என்று கெஞ்சுகிறாள். என்னோடு பேசாதே என்று தாயும் போய்விடுகிறாள்.

அப்புறம் மிச்சம் இருப்பது செவிலி. பால் கொடுத்து வளர்த்தவள், தன் மகள் சூசனும் இவளும் ஒரே வயது என்று சொன்னவள், கல்யாணத்துக்குத் தூது போனவள், எல்லாம் தெரிந்தவள். ஏதாவது ஆறுதல் சொல் என்று கேட்கிறாள் ஜூலியட். பாரிஸையே கட்டிக்கொள், அவனோடு பார்த்தால் ரோமியோ பாத்திரம் துடைக்கும் துணிதான் என்கிறாள் செவிலி. மனதாரத்தான் சொல்கிறாயா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, நீ எனக்கு அருமையாக ஆறுதல் சொன்னாய் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறாள் ஜூலியட். அந்த வரியோடு அவள் செவிலியிடம் உண்மை பேசுவது நின்றுபோகிறது. 13 வயதுப் பிள்ளை அவ்வளவு அமைதியாகக் கதவைச் சாத்துகிறது.

மற்ற பிள்ளைகள் தந்தையின் கோபத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். இவள் எழுதியது: “செவிலி போனதும் பேச ஆளில்லை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் நேரக் கணக்குதான். எல்லாரும் அப்பாவைக் குறை சொல்வார்கள். அப்பா எப்படி என்று அவளுக்கு முதலிலேயே தெரியும்.” கீழே இன்னொரு வரி எழுதி, பேனாவால் கெட்டியாக அடித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க நான் முயலவில்லை. ஆனால் அடித்திருந்தாள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை

வகுப்பு முடிந்து புத்தகங்களை அடுக்க அவள் மட்டும் தங்கினாள். அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “மிஸ், பாதிரியார் அவள் அப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?”

“பெரிய சண்டை நடந்திருக்கும். அவள் உயிரோடு இருக்கும்போதே நடந்திருக்கும்” என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் ஒன்று சொன்னால் யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் இந்த நிகழ்வில் எடுத்த முதல் முடிவு. இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான பிள்ளைகள் பாதுகாப்பு வழிகாட்டுதல், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. விதி தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ‘சொல்லமாட்டேன்மா’ என்றுதான் வாய்க்கு வரும். அப்படிச் சொன்னால் அவள் அங்கேயே பேசிவிடுவாள், சொல்லாவிட்டால் திரும்பிப் போய்விடலாம்.

நான் சொன்னது: “அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. உன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். யாரிடம், எதற்காக என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். உனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.”

ஒன்றுமில்லை மிஸ் என்று பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். நான் இன்னொன்றும் சொன்னேன்: நீ எழுதிய பதிலைப் படித்தேன், நீ நன்றாக இருக்கிறாயா என்ற கவலை எனக்கு இருக்கிறது, அந்தக் கவலையை இன்றைக்கே பாதுகாப்புப் பொறுப்பாசிரியரிடம் சொல்லப்போகிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்றே பொறுப்பாசிரியரைப் பார்த்தேன். பதில்தாளைக் கொடுத்தேன். அவள் கேட்ட கேள்விகளை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக் கொடுத்தேன், என் ஊகம் எதையும் சேர்க்கவில்லை. நாடகத்தைப் பற்றித்தானே எழுதியிருக்கிறாள், இதை ஒரு புகாராக எடுத்துப்போவதா என்ற தயக்கம் வர நியாயம் உண்டு. நல்ல பதில் எழுதுகிற பிள்ளைகள் எல்லோரையும் சந்தேகிக்க ஆரம்பித்தால் இலக்கியம் நடத்த முடியாது. இங்கே பதில் மட்டும் இல்லை. நூலகம், போன், வாசிக்க மறுத்தது, ரகசியம் கேட்டது எல்லாம் சேர்ந்து வந்தன. முடிவெடுக்க அதுவே போதும் என்று பொறுப்பாசிரியரும் சொன்னார்.

பொறுப்பாசிரியர் அன்று மாலையே வீட்டுக்குப் போன் செய்யலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போன் போட்டால் பிள்ளைக்கே ஆபத்தாகலாம். மறுநாள் காலை முதல் வேலையாக அவளைப் பார்ப்பது, அவள் பள்ளிக்கு வராவிட்டால் உடனே அடுத்த கட்டத்துக்குப் போவது என்று தீர்மானித்தோம்.

அவள் வந்தாள். நேரே பொறுப்பாசிரியர் அறைக்குப் போய், “மிஸ் உங்களிடம் சொன்னார்களா?” என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்து பேச்சு தொடங்கியது.

அவள் சொன்னது முழுவதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பையனோடு பழகுவது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தெரியப்படுத்தியது அவள் மிகவும் நம்பியிருந்த மூத்த உறவினர் ஒருவர். ஆரம்பத்திலிருந்து துணையாக இருந்தவர், விஷயம் பெரிதானதும் ‘மறந்துவிடு, அவன் உனக்கு லாயக்கில்லை’ என்று கட்சி மாறிவிட்டார். போனைப் பறித்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் வெளிநாட்டில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத் தந்தை சொல்லியிருந்தார். அங்கேயே ஒரு சம்பந்தம் என்ற பேச்சும் அரைகுறையாக அவள் காதில் விழுந்திருந்தது. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் சில இரவுகளில் வந்ததாகவும் சொன்னாள்.

பொறுப்பாசிரியர் சுற்றி வளைக்கவில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் நம்மிடையே அதிகம். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் சொல்வது நேர்மாறானது: நேராகக் கேட்பது பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆசுவாசமாகத்தான் இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

வகுப்பில் செய்த மாற்றம்

ஒரு பக்கம் இது நடக்க, மறுபக்கம் பாடம் நிற்கவில்லை. நான்காம், ஐந்தாம் அங்கங்கள் பாக்கி. அவள் விரும்பினால் அந்தப் பாடவேளைகளில் நூலகத்தில் தனியாகப் படிக்கலாம் என்று சொன்னோம். இல்லை, வகுப்பிலேயே இருக்கிறேன், முடிவு என்ன என்று எனக்குத் தெரியும்தானே என்றாள்.

கடைசிக் கடிதப் பயிற்சித்தாளைத் துறையோடு பேசி எடுத்துவிட்டோம், இவளுக்கு மட்டுமல்ல, எல்லா வகுப்புக்கும். மனம் நொந்திருக்கும் ஒரு 14 வயதுப் பிள்ளையை உட்காரவைத்து விடைபெறும் கடிதம் எழுதச் சொல்வதில் கிடைக்கும் இலக்கிய லாபம் எதுவும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. மேடை, திரைக் கலைஞர்கள் தற்கொலையை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு கையேடு வெளியிட்டது. முறையை விவரிக்காதே, சாவை ஒரு தீர்வாக அழகுபடுத்தாதே, உதவி கேட்டு மீளும் வழியைக் காட்டு என்பவை அதன் சாரம். வகுப்பறைக்கும் அது அப்படியே பொருந்தும்.

பதிலுக்கு, சுவர் நீளத்துக்குப் பழுப்புத் தாள் ஒட்டி ஞாயிறு முதல் வியாழன் வரை கோடு போட்டோம். ஒவ்வொரு நாளும் ஜூலியட்டைப் பற்றிய உண்மை யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று பிள்ளைகள் வண்ணத்தில் குறிக்க வேண்டும். தெரிந்தவர்கள் யாரிடம் சொல்லியிருக்கலாம் என்று அம்புக்குறி போட வேண்டும்.

இவ்வளவு வருடம் நடத்திய எனக்கே அந்தத் தாள் புதிதாகக் காட்டியது நிறைய. திங்களன்று மணம் நடந்தது தெரிந்த பெரியவர்கள் செவிலியும் பாதிரியார் லாரன்ஸும். செவ்வாய்க் காலை செவிலி விலகிவிட, பாதிரியார் ஒருவர்தான் மிச்சம். அவர் நல்லவர். அவள் சாகத் துணிந்து வந்து நின்றபோது பதறியவர். ஆனால் தாய் தந்தையிடம் போகவில்லை, பாரிஸிடம் சொல்லவில்லை, நகரத்தை ஆளும் இளவரசரிடமும் போகவில்லை. முதலிலேயே அவர் இந்த மணத்துக்கு ஒத்துக்கொண்டது, இரண்டு குடும்பப் பகை இதனால் தீரும் என்ற தன் கணக்கில். இப்போதும் தனியாகவே ஒரு திட்டம் போடுகிறார்: 42 மணி நேரம் பிணம் போல் கிடக்கவைக்கும் மருந்து, ரோமியோவுக்கு ஒரு கடிதம், அதைக் கொண்டுபோக ஒரே ஆள். கடிதம் கொண்டுபோன பாதிரியார் ஜான் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டில் அடைபட்டுவிட, கடிதம் போய்ச் சேரவே இல்லை. செவ்வாயன்று ஜூலியட் பாரிஸுக்குச் சம்மதிப்பதுபோல் நடிக்க, அந்த மகிழ்ச்சியில் தந்தை கல்யாணத்தைப் புதனுக்கு முன்தள்ளிவிடுகிறார். ஒரு பிள்ளையின் உயிர் ஒரு கிழவரின் வாயையும் ஒரு கடிதத்தையும் நம்பி நிற்கிறது. கல்லறையில் அவள் கண் விழிக்கும்போது லாரன்ஸ் பக்கத்திலேயே இருக்கிறார். காவலர் சத்தம் கேட்டதும், வா, உன்னைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன், இனி நிற்கப் பயமாயிருக்கிறது என்று ஓடிவிடுகிறார்.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வந்தது. தலைவியின் மெலிவைக் கண்டு பதறும் செவிலியிடம் தோழி நடந்ததையெல்லாம் எடுத்துச் சொல்கிறாள், பாட்டே அதுதான். அறத்தொடு நிற்றல் என்று நம் மரபில் இதற்கு ஒரு துறையே இருக்கிறது: தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, அவள் தந்தைக்கு. காதலித்த பெண்ணுக்காக உண்மை ஒவ்வொரு கையாக மேலே போக வேண்டும், வழியில் யாரும் அதைப் புதைக்கக் கூடாது. நாடகம் நடக்கும் வெரோனா நகரில் அது செவிலியோடு நின்றுபோயிற்று. வகுப்பில் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். ஒரு பையன், “அப்படியானால் உங்கள் கவிதையில் தோழிக்கு வேலை அதிகம்” என்றான்.

மாணவி அந்தத் தாளில் ஒரே ஒரு குறிப்புதான் எழுதினாள். நான்காம் அங்கத்தில், மருந்தைக் குடிக்கும் முன் ஜூலியட் பயந்துபோய், தாயையும் செவிலியையும் திரும்பக் கூப்பிட நினைக்கிறாள். ‘செவிலி!’ என்று குரலும் கொடுத்துவிடுகிறாள். பிறகு, அவள் இங்கே வந்து என்ன செய்யப்போகிறாள் என்று தனக்குத்தானே சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். அந்த இடத்தில் பச்சை மையில் எழுதியிருந்தாள்: “கூப்பிட்டாள். யாருக்கும் கேட்கவில்லை.” நாடகத்தை மனப்பாடமாகத் தெரிந்த நான் அந்தக் கூப்பாட்டை அதுவரை நின்று கவனித்ததில்லை.

பின்னர் நடந்தவை

பொறுப்பாசிரியர் உள்ளூராட்சியின் பிள்ளைகள் நலப் பிரிவிடம் ஆலோசனை கேட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 பிப்ரவரி 27 முதல் திருமண வயது 18. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் திருமணம் ஏற்பாடு செய்வதே குற்றம், வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்ச் செய்தாலும் குற்றம். இந்த விவரம் குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது. மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொல்ல வேண்டும் என்பதில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள்.

முதலில் தாய் தனியாக வந்தார். மகள் அவ்வளவு தூரம் மனம் ஒடிந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சம்பந்தப் பேச்சு வெறும் பேச்சுதான், பயமுறுத்தச் சொன்னது என்றார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளை அதை அப்படிக் கேட்கவில்லை. தந்தை அடுத்த சந்திப்புக்கு வந்தார், அதிகம் பேசவில்லை. அந்தக் கோடையில் பயணம் நடக்கவில்லை. குடும்ப மருத்துவர் மூலம் மாணவிக்கு மனநல ஆலோசனை கிடைத்தது, ஆனால் காத்திருப்புப் பட்டியல் நீளம். அந்த இடைவெளியில் பள்ளியின் ஆலோசகர்தான் தாங்கிப்பிடித்தார்.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. தந்தையும் மகளும் நெடுநாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கட்சி மாறிய அந்த உறவினரோடு அவளுக்கு உறவு திரும்பவே இல்லை. பையனோடு பழகியது தானாகவே விட்டுப்போயிற்று, அதைப் பற்றி அவள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஜிசிஎஸ்இ எழுதினாள், தேறினாள், அதற்கு மேலும் படித்தாள். இந்தக் கட்டுரைக்காகச் சம்மதம் கேட்டபோது, அன்று நீங்கள் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒன்றுமே மாறாமல் இருந்திருப்பேன் என்றாள்.

அடுத்த முறை

நாடகத்தைத் தொடங்கும் முன் இப்போது வீட்டுக்கு ஒரு கடிதம் போகிறது. இதில் தற்கொலையும் கட்டாயத் திருமணமும் வருகின்றன, உங்கள் பிள்ளைக்கு இது கடினமாக இருக்கும் என்று தோன்றினால் சொல்லுங்கள் என்று அதில் இருக்கும். குடும்பமே பிரச்சினையாக இருக்கும் பிள்ளைக்கு இது உதவாது என்பதால், பிள்ளைகளிடமும் தனியாகச் சொல்கிறோம்: எந்தக் காட்சியிலும் காரணம் சொல்லாமல் எழுந்து நூலகத்துக்குப் போகலாம். உதவி எண்களைப் பாடத்தின் கடைசியில் கொடுக்காமல் முதல் நாளே புத்தகத்தின் உள்அட்டையில் ஒட்டிவிடுகிறோம். இங்கே சைல்ட்லைன் 0800 1111, சமாரிட்டன்ஸ் 116 123. இதைப் படிக்கும் இந்திய ஆசிரியர்கள் டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகியவற்றையும், இலங்கையில் உள்ளவர்கள் மனநல உதவிக்கான 1926ஐயும் ஒட்டலாம்.

ஜூலியட்டின் வசனத்தை நாடகம் முழுவதும் ஒரே பிள்ளை வாசிப்பதில்லை, காட்சிக்குக் காட்சி மாறும். முன்பெல்லாம் மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சிக்கு ஒரு பாடவேளைதான் கொடுத்தோம், இப்போது இரண்டு. கல்லறைக் காட்சியை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வைப்பதில்லை. திங்கள் அல்லது செவ்வாய்க் காலையில் வைத்தால், அன்று முழுவதும் பிள்ளைகள் எங்கள் கண்ணெதிரே இருப்பார்கள், பொறுப்பாசிரியரின் அறையும் திறந்திருக்கும்.